காவல் நாடிய அரசி

நுழையும்முன்

முற்றுகையால் வீழ்ந்த கோட்டைகள் பல. உள்ளிருந்து திறந்துவிடப்பட்ட கதவால் வீழ்ந்த கோட்டைகளும் உண்டு. மதுரை நாயக்கர் அரசு 1529 முதல் 1736 வரை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது. அதன் இறுதி ஆட்சியாளர் ஓர் அரசி. நான்கே ஆண்டுகள் அரியணையில் இருந்த அவருடைய வாழ்க்கை, உறவினர் பகை, வற்றிய கருவூலம், காக்கப்படாத வாக்குறுதி ஆகியவற்றின் நடுவே சிக்கிச் சிதைந்தது. அவ்வரலாற்றை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

தளர்ந்து வந்த அரசு

விசயநகரப் பேரரசின் சார்பில் மதுரையை ஆளத் தொடங்கியவர் விசுவநாத நாயக்கர். அவரும் அவருடைய அமைச்சர் அரியநாத முதலியாரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரித்தனர். பாளையக்காரர்கள் தத்தம் பகுதியில் வரி தண்டினர். அதில் ஒரு பகுதியை அரசுக்குத் திறையாகச் செலுத்தினர். போர்க்காலத்தில் படை அனுப்பினர். நடுவண் அரசு வலிமையாக இருக்கும்வரை இவ்வமைப்பு நாட்டுக்கு அரணாக விளங்கியது. அரசு தளர்ந்தபோதோ, பாளையங்கள் ஒவ்வொன்றும் தன்வழி நோக்கத் தொடங்கின.

திருமலை நாயக்கர் 1659இல் மறைந்தபின் அத்தளர்ச்சி வெளிப்பட்டது. சொக்கநாத நாயக்கர் காலத்தில் தலைநகர் மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாறியது. அவர் 1673இல் தஞ்சையைக் கைப்பற்றினார். ஆயினும் சில ஆண்டுகளிலேயே அது மராட்டியர் கைக்குச் சென்றது. கொங்குப் பகுதியை மைசூர் அரசு சிறிது சிறிதாகத் தன்வயப்படுத்தியது. கிழவன் சேதுபதியின் காலத்தில் இராமநாதபுரம் தனியரசாயிற்று.

இத்தளர்ச்சிக் காலத்திலும் 1689 முதல் 1706 வரை நாட்டைத் தாங்கி நின்றவர் இராணி மங்கம்மாள். மகன் இளமையிலேயே மறைந்தமையால், பச்சிளம் பெயரனின் சார்பில் அவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். முகலாயப் படை தெற்கே இறங்கியபோது, எதிர்த்துப் போரிடும் ஆற்றல் தம்மிடம் இல்லை என்பதை உணர்ந்து, திறை செலுத்தி நாட்டைக் காத்தார். பெண் ஒருவர் திறம்பட ஆளமுடியும் என்பதற்கு அந்நாட்டு மக்கள் வேறு சான்று தேடவேண்டியிருக்கவில்லை. ஆயினும் அவர் செலுத்தத் தொடங்கிய திறை பிற்காலத்தில் ஒரு கடனாகவே மாறியது. முகலாயரின் சார்பாளராக ஆர்க்காட்டில் அமர்ந்த நவாபுகள் அத்திறையைத் தம் உரிமையாகக் கருதினர்.

மங்கம்மாளின் பெயரன் விசயரங்க சொக்கநாத நாயக்கர் 1706இல் ஆட்சிக்கு வந்தார். அவர் இறையன்பு மிக்கவர். நெடும்பயணம் செய்து கோயில்களை வழிபடுவதும், அங்கெல்லாம் பெரும்பொருளைக் கொடையாக வழங்குவதும் அவருடைய இயல்பு. திருவரங்கக் கோயிலில் அவரும் அவருடைய அரசியாரும் கூப்பிய கைகளுடன் நிற்கும் சிற்பங்களை இன்றும் காணலாம். அரசருடைய கவனம் வழிபாட்டில் இருக்க, ஆட்சி தளவாய்களின் கைக்குப் போயிற்று. படைவீரர்க்கு உரிய ஊதியம் நிலுவையில் நின்றது. கருவூலம் மெலிந்தது. இருபத்தாறு ஆண்டுகள் ஆண்ட அரசர் 1732இல் மறைந்தார். அவருக்கு மக்கட்பேறு இல்லை.

அரியணை ஏறிய அரசி

விசயரங்க சொக்கநாதரின் அரசி மீனாட்சி, கணவர் மறைவுக்குப்பின் திருச்சிராப்பள்ளியில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மங்கம்மாளுக்கு வாய்த்த நிலைக்கும் மீனாட்சிக்கு வாய்த்த நிலைக்கும் வேறுபாடு உண்டு. மங்கம்மாள், முறையாக அரியணைக்கு உரிய பெயரனின் சார்பில் ஆண்டார்; அவருடைய உரிமையை வினவ எவருக்கும் இடமில்லை. மீனாட்சிக்கோ பிள்ளை இல்லை. அரசரின் கைம்பெண் என்ற நிலை மட்டுமே அவருக்கு இருந்தது. ஆகவே, அரியணைக்கு ஓர் உரிமையாளரை உருவாக்குவதே அவர் செய்யவேண்டிய முதற்செயலாயிற்று.

அவர் அதனைக் காலந்தாழ்த்தாது செய்தார். அரசகுடும்பத்தின் கிளைவழியில் வந்த பங்காரு திருமலையின் மகன் விசயகுமாரனைத் தத்தெடுத்தார். இம்முடிவில் அரசியல் அறிவு தெளிவாகப் புலப்படுகிறது. தத்துப்பிள்ளை அரசகுடும்பத்தைச் சேர்ந்தவன். எனவே குருதியுறவு பற்றிய வினா எழாது. போட்டியாகக் கிளம்பக்கூடிய கிளைக்குடும்பமும் தன் பிள்ளையே நாளைய அரசன் என்பதால் அமைதியுறும். இவ்வாறு ஒரே செயலால் உரிமையையும் உறவையும் நிலைநிறுத்த அவர் எண்ணினார்.

தத்தும் பகையும்

அவருடைய எண்ணம் நிறைவேறவில்லை. பிள்ளை அரசனாக உரியவன் என்றால், அவன் வளரும்வரை ஆளவேண்டியவன் அவனைப் பெற்ற தந்தையே என்று பங்காரு திருமலை வாதிட்டார். அரியணை தமக்கே உரியது என்றும் கோரினார். தளவாய் வெங்கடாச்சாரியார் அவர் பக்கம் சேர்ந்தார். தளவாய் என்பவர் படையையும் ஆட்சி நிருவாகத்தையும் ஒருங்கே நடத்தியவர். அவர் எதிரணியில் நின்றதனால், அரசி தம் படையையே முழுமையாக நம்பமுடியாத நிலை உண்டாயிற்று.

பங்காரு திருமலையும் தளவாயும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையைக் கைப்பற்ற முயன்றனர். அரசியின் காவலர்கள் கோட்டையை விட்டுக்கொடுக்கவில்லை, முயற்சி தோற்றது. முதற்போட்டியில் அரசியே வென்றார். ஆயினும் அவ்வெற்றி பகையை முடிவுக்குக் கொண்டுவரவில்லை. கோட்டைக்குள் அரசி, கோட்டைக்கு வெளியே அவரை எதிர்க்கும் உறவினர், இருவருக்கும் இடையே எப்பக்கம் சேர்வது என்று காத்திருக்கும் பாளையக்காரர் என நாடு பிளவுபட்டு நின்றது.

ஆர்க்காட்டுப் படை

மீனாட்சி ஆட்சிக்கு வந்த அதே 1732ஆம் ஆண்டில் ஆர்க்காட்டிலும் ஆட்சி மாறியது. நவாபு சாதத்துல்லாகான் மறைந்தார். அவருக்கும் மக்கட்பேறு இல்லை; அவர் மகனாக ஏற்று வளர்த்த உறவினர் தோஸ்து அலிகான் நவாபானார். பிள்ளையில்லாமையும் தத்துரிமையும் இரு தலைநகரங்களிலும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. ஆனால் ஆர்க்காட்டில் புதிய நவாபின் கையில் வலிமையான படை இருந்தது; திருச்சிராப்பள்ளியில் அரசியின் கையில் அத்தகைய படை இல்லை. வேறுபாடு அங்கேதான் அமைந்தது.

தோஸ்து அலிகான் 1734இல் தெற்கே ஒரு பெரும்படையை அனுப்பினார். தென்னாட்டு அரசுகளிடம் திறை பெறுவதும், வாய்ப்பு நேர்ந்தால் திருச்சிராப்பள்ளியைத் தன்வயப்படுத்துவதும் அதன் நோக்கங்கள். படைக்குத் தலைமை தாங்கியவர் நவாபின் மகன் சப்தர் அலி. அவருக்குத் துணையாக வந்தவர் நவாபின் மருமகன் சந்தா சாகிப்.

இவர்களுடைய வருகை, தம் எண்ணம் நிறைவேற வாய்த்த நல்வாய்ப்பு எனப் பங்காரு திருமலை கருதினார். அரசியை நீக்கித் தம்மை அரியணையில் அமர்த்தினால் முப்பது இலட்சம் ரூபாய் தருவதாகச் சப்தர் அலியிடம் கூறினார். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் தெற்கே மலையுச்சியை நடுவில் கொண்டு அமைந்த திருச்சிராப்பள்ளிக் கோட்டை வலிமை மிக்கது. அதைத் தாக்கி இழப்பை ஏற்கச் சப்தர் அலி விரும்பவில்லை. பங்காரு திருமலையே அரசர் என்று அறிவித்து, பணத்துக்கு உறுதி பெற்றுக்கொண்டு, அம்முடிவை நிறைவேற்றும் பொறுப்பைச் சந்தா சாகிப்பிடம் ஒப்படைத்துத் திரும்பினார்.

ஒரு கோடி ரூபாயும் ஓர் ஆணையும்

அரசியின் முன் இப்போது மூன்று வழிகள் இருந்தன. கோட்டைக்குள்ளேயே இருந்து எதிர்ப்பது ஒருவழி. ஆயினும் உள்ளிருப்போரின் பற்றுறுதியில் ஐயம் நிலவியபோது நீண்ட முற்றுகையைத் தாங்குவது எளிதன்று. பங்காரு திருமலையுடன் உடன்பாடு செய்துகொள்வது இரண்டாம் வழி. வெளிநாட்டுப் படையைத் துணைக்கு அழைத்துத் தம்மை நீக்க முற்பட்டவருடன் உடன்பாடு காண்பதும் எளிதாக இல்லை. பங்காரு திருமலை நாடிய அதே ஆற்றலைத் தம் பக்கம் திருப்புவது மூன்றாம் வழி. அரசி மூன்றாம் வழியைத் தேர்ந்தார்.

தம்மையே உரிய அரசியாக ஏற்றுக் காத்தால் ஒரு கோடி ரூபாய் தருவதாகச் சந்தா சாகிப்புக்கு அவர் உறுதியளித்தார். முப்பது இலட்சத்துக்கு எதிராக ஒரு கோடி. சந்தா சாகிப் உடன்பட்டார். வெறும் சொல்லை நம்ப அரசி அணியமாக இல்லை. திருக்குர்ஆனின் மீது ஆணையிட்டு உறுதிகூற வேண்டும் என்று கேட்டார். சந்தா சாகிப் ஆணையிட்டார். திருமறை எனத் தோன்றும்படி விலையுயர்ந்த பட்டுறையில் சுற்றிவைத்த செங்கல்லின்மீதே அவர் கைவைத்து ஆணையிட்டார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. ஒரு சமயத்தின் புனிதத்தை அச்சமயத்தைச் சார்ந்த ஒருவரே அரசியல் நலத்துக்காக இழிவுபடுத்தினார் என்னும் வருத்தமே இச்செய்தியில் ஒலிக்கிறது.

கோட்டைக் கதவு திறந்தது. சந்தா சாகிப் உள்ளே வரவேற்கப்பட்டார். பணம் பெற்றுக்கொண்டு அவர் ஆர்க்காட்டுக்குத் திரும்பினார். பங்காரு திருமலை மதுரைக்குச் சென்று தென்பகுதிகளை ஆண்டார். அரசி அதைத் தடுக்கவில்லை. தம்மை எதிர்த்தவரை அழித்தொழிக்க அவர் முற்படாததும், நாட்டின் ஒரு பகுதியை அவர் ஆள விட்டுவைத்ததும் கருதத்தக்கவை. வென்றவர் தோற்றவரைக் கொல்வதே வழக்கமாக இருந்த காலத்தில், அரசி தம் தத்துமகனின் தந்தைக்குத் தீங்கு செய்யவில்லை.

தெரிந்து தெளிவோம்: திண்டுக்கல் சீமை

மதுரை நாயக்கர் நாட்டின் வடமேற்கு வாயிலாக விளங்கியது திண்டுக்கல். மைசூரிலிருந்தும் கொங்கிலிருந்தும் மதுரைக்கு வரும் படை இவ்வழியே வரவேண்டும். ஆகவே, மொட்டைப் பாறையின்மீது நாயக்கர் காலத்தில் இங்கே வலிய கோட்டை எழுப்பப்பட்டது. திருமலை நாயக்கர் அதனை மேலும் வலுப்படுத்தினார். இன்றைய பழனி, தொப்பம்பட்டி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களைச் சூழ்ந்து ஆயக்குடி, இடையக்கோட்டை, விருப்பாட்சி முதலிய பாளையங்கள் அமைந்திருந்தன. திண்டுக்கல் கோட்டையைக் கைப்பற்றியவர் மதுரைக்குச் செல்லும் வழியைக் கைப்பற்றியவர் ஆவார்.

மீண்டும் திறந்த கதவு

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1736இல் சந்தா சாகிப் மீண்டும் படையுடன் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். அரசி இம்முறையும் கோட்டைக் கதவைத் திறந்தார்.

இதற்குக் காரணம் என்ன? அரசி சந்தா சாகிப்பிடம் மனமயக்கம் கொண்டிருந்தார் என்று பிற்காலத்தார் சிலர் எழுதினர். இக்கூற்றை ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். ஆர்க்காட்டின் துணையை முதலில் நாடியவர் பங்காரு திருமலை. அவர் செய்தது அரசியல் சூழ்ச்சி எனப்பட்டது. அதே துணையை அரசி நாடியபோது அது மனமயக்கம் எனப்பட்டது. ஆட்சியாளர் பெண் என்பதால் மட்டுமே அவருடைய அரசியல் முடிவுக்கு இவ்வாறு ஒரு காரணம் புனையப்பட்டது எனலாம். உண்மையில் அவருடைய செயலுக்கு அரசியல் காரணமே போதுமானது. மதுரையில் பங்காரு திருமலை வலிமை பெற்றுவந்தார். பாளையக்காரர் பலர் அவரைச் சார்ந்தனர். அரசிக்குத் தேவை ஒரு படை. அப்படையை உடையவர் முன்பு ஒருமுறை வாக்களித்தவர். அதற்குரிய விலையையும் பெற்றவர்.

அரசியின் பிழை நம்பிக்கை வைத்ததில் மட்டும் இல்லை. வாக்குத் தவறினால் தட்டிக்கேட்கும் வலிமை தமக்கு இல்லாதபோது நம்பியதே அவருடைய பிழை. முதன்முறை வந்தபோது சந்தா சாகிப் திரும்பிச் சென்றமைக்கு அவருடைய நேர்மை காரணமன்று. கோட்டையை அடையும் வேளை வரவில்லை என்பதே காரணம். திரும்பிச் சென்றதை நேர்மையின் சான்றாக அரசி கருதிவிட்டார்.

அம்மையநாயக்கனூர்ப் போர்

கோட்டைக்குள் நுழைந்த சந்தா சாகிப், ஆட்சியின் பொறுப்புகளைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். அரசியின் பெயரிலேயே ஆணைகள் பிறந்தன. ஆனால் ஆணையிட்டவர் அரசி அல்லர். அடுத்து அவர் பங்காரு திருமலையின் மீது போர் தொடுத்தார். அரசியின் பகைவரை ஒடுக்குவதற்காகவே இப்போர் என்று கூறப்பட்டது.

படை திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டுத் தென்மேற்கே திண்டுக்கல் நோக்கி நகர்ந்தது. திண்டுக்கல் வீழ்ந்தது. மதுரைக்குச் செல்லும் வழியில் உள்ள அம்மையநாயக்கனூரில் இரு படைகளும் மோதின. இன்று கொடைரோடு தொடர்வண்டி நிலையம் அமைந்துள்ள பகுதி அது. பங்காரு திருமலை தோற்றுச் சிவகங்கைப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். மதுரையும் தென்பகுதிகளும் சந்தா சாகிப்பின் கைக்கு வந்தன.

அம்மையநாயக்கனூரில் தோற்றவர் பங்காரு திருமலை. ஆயினும் அங்கே உண்மையில் வீழ்ந்தது அரசியின் ஆட்சி. பங்காரு திருமலை மதுரையில் இருந்தவரை சந்தா சாகிப்புக்கு அரசி தேவைப்பட்டார். உரிமை கோரும் ஒருவரை ஒடுக்குவதற்கு உரிமையுடைய மற்றொருவரின் பெயர் வேண்டியிருந்தது. எதிரி அகன்றதும் அப்பெயருக்குத் தேவை இல்லாமற் போயிற்று. தம் உறவினரைத் தோற்கடித்த நாளிலேயே அரசி தம்மைக் காத்த கடைசி அரணையும் இழந்தார். அவர் பகை எனக் கருதியதே அதுவரை அவரைக் காத்துவந்தது.

அரண்மனைச் சிறை

இதன்பின் சந்தா சாகிப் தம் உண்மை நோக்கத்தை மறைக்கவில்லை. அரசிக்குக் காட்டிவந்த மதிப்பை விலக்கினார். அரண்மனையின் உள்ளேயே அவரைச் சிறைவைத்து, நாட்டின் ஆட்சியாளராகத் தம்மை அறிவித்தார். கோட்டையின் அரண்களை வலுப்படுத்தினார். தம் உடன்பிறந்தாரில் ஒருவரை மதுரைக்கும் மற்றொருவரைத் திண்டுக்கல்லுக்கும் ஆளுநராக அமர்த்தினார்.

அரசியின் கையில் இப்போது எஞ்சியிருந்தது எதுவும் இல்லை. கருவூலத்தின் பொருள் வாக்குறுதிக்கு விலையாகப் போயிற்று. படை பிறர் கையில் இருந்தது. தத்துமகன் தந்தையுடன் சிவகங்கையில் இருந்தான். துணைக்கு அழைக்க உறவினர் எவரும் வலிமையுடன் இல்லை. தம் அரண்மனையிலேயே கைதியாக வாழ்வதை ஏற்காத மீனாட்சி நஞ்சுண்டு உயிர்துறந்தார். அவருடன் மதுரை நாயக்கர் ஆட்சியும் முடிவுற்றது. திருச்சிராப்பள்ளிக் கோட்டையின் மதில் எவராலும் தகர்க்கப்படவில்லை. நம்பிக்கையோடு திறக்கப்பட்ட கதவின் வழியே அவ்வரசு முடிந்தது.

வஞ்சித்தவரின் முடிவு

சந்தா சாகிப்பின் வெற்றி ஐந்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. தெற்கே அவர் பெற்ற வளர்ச்சி பலரின் அச்சத்தைத் தூண்டியது. இரகுசி போன்சுலேயின் தலைமையில் மராட்டியப் படை 1740இல் கர்நாடகப் பகுதியில் நுழைந்தது. நவாபு தோஸ்து அலிகான் அவ்வாண்டு மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் போரிட்டு மடிந்தார். 1741 மார்ச்சில் திருச்சிராப்பள்ளி மராட்டியரிடம் வீழ்ந்தது. உதவிக்கு விரைந்த சந்தா சாகிப்பின் உடன்பிறந்தார் இருவரும் போரில் உயிரிழந்தனர். சந்தா சாகிப் சிறைப்பட்டுச் சதாராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

சில ஆண்டுகளுக்குப்பின் விடுதலை பெற்ற அவர், பிரெஞ்சுக்காரரின் துணையோடு மீண்டும் ஆர்க்காட்டு அரியணைக்குப் போட்டியிட்டார். 1752 ஜூனில் திருவரங்கத்தில் சூழப்பட்டு வழியற்று நின்றபோது, தஞ்சைப் படைத்தலைவர் மானோசியிடம் தம் உயிரை ஒப்படைத்தார். காரைக்காலுக்குப் பாதுகாப்பாக அனுப்பிவைப்பதாக மானோசி ஆணையிட்டு வாக்களித்தார். வாக்கு காக்கப்படவில்லை, சந்தா சாகிப் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார். பதினாறு ஆண்டுகளுக்குமுன் அவர் மீனாட்சிக்கு எச்செயலைச் செய்தாரோ அதுவே அவருக்கும் நேர்ந்தது. அதுவும் அரசியின் கணவர் கொடைகள் வழங்கிய அதே திருவரங்கத்தில் நேர்ந்தது.

இதை ஊழின் தண்டனை எனக் கூறி நிறைவடைதல் போதாது. வாக்குக்கு மதிப்பில்லாத அரசியல் ஒருமுறை தொடங்கிவிட்டால், அதைத் தொடங்கியவரும் அதிலிருந்து தப்பமுடியாது என்பதே இதில் கற்கவேண்டிய பாடம். உறவினர் பூசலால் உண்டான வெற்றிடத்தில் நவாபும், மராட்டியரும், நிசாமும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரும் அடுத்தடுத்து நுழைந்தனர். 1801இல் கர்நாடகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் சென்றது.

இருவேறு அரசியர்

பிற நாட்டு வரலாற்றிலும் இதனோடு ஒப்பிடத்தக்க வாழ்க்கை உண்டு. மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில் ஸ்காட்லாந்தின் அரசியாக விளங்கியவர் மேரி. பிறந்து ஆறு நாள்களில் அரசியான அவர், உள்நாட்டுப் பகையால் 1567இல் தம் ஓராண்டு வயதுடைய மகனுக்காக முடிதுறக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு உறவினரான இங்கிலாந்து அரசி எலிசபெத்திடம் அடைக்கலம் நாடிச் சென்றார். அடைக்கலம் சிறையாயிற்று. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்த அவர் 1587 பிப்ரவரியில் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார். மீனாட்சியும் மேரியும் வாழ்ந்த காலமும் நாடும் வேறு. உள்நாட்டில் ஆதரவிழந்த ஆட்சியாளருக்கு வெளியிலிருந்து கிடைக்கும் காவல் எவ்வாறு விலங்காக மாறும் என்பதற்கு இருவருமே சான்றுகள்.

அயலார் துணையை நாடுவதே தவறு என்று இதிலிருந்து முடிவு செய்தலும் பொருந்தாது. சிவகங்கை அரசி வேலுநாச்சியாரின் வாழ்க்கை அதை மறுக்கிறது. கணவர் முத்துவடுகநாதர் 1772இல் காளையார்கோயிலில் வீழ்ந்தபின், அவர் திண்டுக்கல் சீமையின் விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். பாளையக்காரர் கோபால நாயக்கர் அவரைக் காத்தார். வேலுநாச்சியாரும் ஐதர் அலியின் உதவியை நாடிப் பெற்றார். ஆனால் அதற்காக அவர் கோட்டைக் கதவைத் திறந்துவிடவில்லை. மருது சகோதரர் போன்ற பற்றுறுதி மிக்க வீரர்களும், தாமே திரட்டிய படையும் அவரிடம் இருந்தன. வெளியுதவி அப்படைக்குத் துணையாக வந்தது. அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. 1780இல் அவர் சிவகங்கையை மீட்டார். மீனாட்சியின் கதை முடிந்த நிலப்பகுதிக்கு அருகிலேயே, அரை நூற்றாண்டுக்குள், மற்றோர் அரசி அதே சூழ்நிலையை வேறுவகையில் கடந்தார்.

நிறைவாக

மீனாட்சி வீரத்தில் குறைந்தவர் அல்லர்; கோட்டையைத் தாக்க வந்தோரைத் தடுத்து நிறுத்தியவர். அறிவில் குறைந்தவர் அல்லர்; தத்தெடுத்ததன் வாயிலாக அரசகுடும்பத்தை ஒன்றிணைக்க முயன்றவர். அருளில் குறைந்தவர் அல்லர், எதிர்த்தவரையும் வாழவிட்டவர். அவருக்கு வாய்த்ததோ ஊதியம் பெறாத படை, பொருளில்லாத கருவூலம், ஒன்றுபடாத குடும்பம். அவர் தொடங்கிவைக்காத தளர்ச்சியின் விலையை அவரே தம் உயிரால் செலுத்தினார்.

திருச்சிராப்பள்ளியில் நாயக்கர் அரண்மனையின் எஞ்சிய பகுதி இன்று இராணி மங்கம்மாள் மகால் என்ற பெயரில் அரசு அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்குச் செல்வோர் மங்கம்மாளின் பெயரை அறிவர். அவ்வரண்மனையில் ஆண்ட கடைசி அரசியின் பெயரையும் அறிதல் வேண்டும். வென்றவரின் வரலாறு பெருமிதம் தருகிறது; தோற்றவரின் வரலாறோ எச்சரிக்கை தருகிறது. இரண்டையும் கற்பவரே நாட்டைக் காக்கும் தகுதி பெறுகின்றனர்.

சொல்லும் பொருளும்

பாளையம் – படைக்கடமையோடு ஒருவருக்கு ஒப்படைக்கப்பட்ட ஆட்சிப்பகுதி
திறை – பேரரசுக்குச் செலுத்தும் கப்பம்
தளவாய் – படைத்தலைவர்
சீமை – நாட்டின் ஒரு பகுதி
அடைக்கலம் – புகலிடம்

கற்பவை கற்றபின்

1. மங்கம்மாள், மீனாட்சி, வேலுநாச்சியார் ஆகிய மூவரும் அயலாரின் ஆற்றலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. ‘மீனாட்சியின் வீழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் உட்பகையே, வஞ்சகமே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. உம் ஊருக்கு அருகிலுள்ள கோட்டை, சத்திரம், பாளையக்காரர் அரண்மனை ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிய செய்திகளைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.